திருச்சாரணத்து மலையில் ஒரு பிற்பகல்

தென்கோடியில் குமரியன்னை தவம் புரியும் திருநாடு நம் நாடு. சுசீந்திரத்தில் தாணுமாலயன், நாகர்கோவிலில் நாகராஜர், வேளிமலையில் குமரவேள், திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள், மண்டைக்காட்டில் பகவதி என்று திரும்பிய திசையெல்லாம் திருக்கோயில்கள் திகழ்கின்றன. நாஞ்சில் நாடும் அதற்கு மேற்கே பரந்து கிடக்கும் பழைய வேணாட்டுப் பகுதியும் சேர்ந்ததே இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் கீழிருந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தாய்த்தமிழகத்தோடு இணைந்த இம்மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லும் ஒரு கதை சொல்லும்.

கும்பாபிஷேக மலர் ஒன்று வெளிவரும்போது அதில் தலத்தின் பெருமை, மூர்த்தியின் மகிமை, தீர்த்தத்தின் சிறப்பு ஆகியவற்றைப் பெரியோர் எழுதுவது மரபு. அவற்றை எழுதும் தகுதி அடியேனுக்கு இல்லை; அப்பணியை இம்மலரில் கற்றறிந்தோர் செவ்வனே செய்துள்ளனர். அடியேன் எழுதப் புகுந்தது கல்லைப் பற்றியும், கல்லில் உளி பிடித்த கைகளைப் பற்றியும், அவ்வுளிக்குக் கூலி கொடுத்த புண்ணியர்களைப் பற்றியுமாகும். திருப்பணி என்பது நம் காலத்தில் தொடங்கியதன்று. நம்மோடு முடியப் போவதுமன்று. நமக்கு முன் இந்நாட்டில் தருமம் செய்தவர்கள் எவ்வாறு செய்தனர், எதை எழுதி வைத்தனர், எது இன்றும் நிற்கிறது என்பதை அறிந்துகொண்டால், நாம் செய்யும் தருமத்தின் முறையும் நமக்கு விளங்கும். அதற்கு ஏற்ற இடமாகச் சிதறால் மலையை எடுத்துக்கொள்கிறேன்.

மலையும் அதன் பெயரும்

விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதறால் என்னும் சிற்றூர். குழித்துறையாறு என்று ஊரார் வழங்கும் தாமிரவருணி பாய்ந்து வளம் செய்யும் பகுதி அது. தென்னையும் பலாவும் ரப்பரும் மரவள்ளியும் செழித்த மேடுபள்ளமான நிலத்தினிடையே, பெரும் பாறைகளைத் தலையில் சுமந்தாற்போல் ஒரு குன்று எழுந்து நிற்கிறது. சொக்கன்தூங்கி மலை என்பது இதற்கு ஊரில் வழங்கும் பெயர்களுள் ஒன்று. ஆனால் கல்வெட்டுகள் தரும் பழம்பெயர் வேறு. திருச்சாரணத்து மலை என்பதே அது.

சாரணர் என்போர் யார்? நிலத்தில் கால் படாது வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற தவமுனிவர் என்று சமண நூல்கள் கூறும். சிலப்பதிகாரத்திலும் சாரணர் வருகின்றனர். அத்தகைய தவத்தோர் உறைந்த மலை என்று கருதியே மக்கள் இதற்குத் திருச்சாரணம் என்று பெயரிட்டு வழங்கினர். 9ஆம் நூற்றாண்டளவில் இங்கே சமண சமயப் பள்ளி ஒன்று சிறந்து விளங்கியது. துறவியர் வாழ்ந்தனர், மாணாக்கர் பயின்றனர், நெடுந்தொலைவிலிருந்து அடியார் வந்து வணங்கினர். பாறையின் புறத்தே படிமங்கள் செதுக்கப்பெற்றன. அப்படிமங்கள் இன்றும் வானமே கூரையாக, மலைக்காற்றே சாமரமாக அமர்ந்திருக்கின்றன. சுவரும் கதவும் இல்லாத, திறந்தவெளிச் சிற்பக்கூடம் என்று இதனைச் சொல்லலாம்.

நண்பருடன் மலையேற்றம்

நம் திருக்கோயில் திருப்பணி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் பிற்பகல் அடியேன் இம்மலைக்குச் சென்றேன். உடன் வந்தவர் மயிலாடியைச் சேர்ந்த கல்தச்சர், அடியேனுக்கு வயதில் மூத்தவர், நெடுநாள் நண்பர். சுசீந்திரத்தை அடுத்த மயிலாடியை அறியாத திருப்பணிக் குழுவினர் தென்னாட்டில் இல்லை. சாலையின் இருமருங்கும் விநாயகரும் நந்தியும் துவாரபாலகரும் பாதி செதுக்கிய நிலையில் வெயிலில் காத்திருக்கும் ஊர் அது. சுசீந்திரம் திருப்பணிக்கென வந்த கல்வினைஞர் அவ்வூரில் குடியமர்ந்தனர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

மலையடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை மேலே செல்கிறது. முந்திரி மரங்களின் நிழல் அங்கங்கே உண்டு. நண்பர் படிக்கற்களைக் காலால் தட்டிப் பார்த்தபடியே ஏறினார். கல்லின் ஓசையைக் கேட்பது அவருக்குக் கைவந்த பழக்கம். மணியின் நாதம் எழுந்தால் ஆண் கல். தாளத்தின் ஓசை எழுந்தால் பெண் கல். ஓசை இல்லாதது அலிக் கல். தேவனுக்கு முதலாவது, தேவிக்கு இரண்டாவது, பீடத்துக்கும் தளத்துக்கும் மூன்றாவது என்று சிற்ப நூல்கள் வகுத்த முறையை அவர் விளக்கிக்கொண்டே வந்தார்.

பாதியில் சற்று இளைப்பாறினோம். அப்போது நண்பர் மனத்திலிருந்ததை வெளிப்படையாகவே கேட்டார்: “தம்பி, நம் கோயில் மலருக்குக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னீர்கள். இதுவோ சமணர் மலை. சிவன் கோயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நன்கொடை கொடுத்தவர்கள் படித்துவிட்டு முகம் சுளிக்க மாட்டார்களா?”

கேட்கத் தக்க கேள்விதான். “மேலே போய்ப் பார்த்துவிட்டுப் பேசுவோம், அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன். கேள்விக்கு விடை அம்மலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பாறையில் அமர்ந்த பெருமக்கள்

உச்சியை நெருங்கும்போது இரு பெரும் பாறைகள் எதிரெதிரே நின்று வழிவிடுகின்றன. மனிதர் கட்டாத கோபுர வாயில் அது. அதனுள் நுழைந்து சில படிகள் இறங்கினால், இடப்புறத்துப் பாறைச் சுவர் முழுவதும் புடைப்புச் சிற்பங்கள்.

தீர்த்தங்கரர் பலர் பத்மாசனத்தில் அமர்ந்திருக்கின்றனர். தலைக்கு மேல் முக்குடை. பக்கங்களில் சாமரம் வீசுவோர். ஆடையில்லை, அணியில்லை, ஆயுதமில்லை. அவர்களினிடையே பார்சுவநாதர் நின்ற திருக்கோலத்தில் காட்சி தருகிறார். அவர் தலைமேல் நாகம் படம் விரித்துக் குடை பிடிக்கிறது. தவத்திலிருந்த அவர்மீது பகைவன் கமடன் கல்மாரியும் பெருமழையும் பொழிவிக்க, நாகராஜனாகிய தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான் என்பது சமணர் கூறும் வரலாறு. அத்தரணேந்திரனின் தேவியே பத்மாவதி. அவளும் இம்மலையில் எழுந்தருளியுள்ளாள்.

இவ்வரிசையில் கண்ணைக் கவர்வது அம்பிகையின் உருவம். அவள் நின்ற கோலத்தில் இருக்கிறாள். அருகில் அவளுடைய இரு புதல்வரும், ஊர்தியாகிய சிங்கமும். இந்த அம்பிகையின் கதை உருக்கமானது. அவள் ஓர் அந்தணரின் இல்லாள். சிராத்தத்துக்கென்று சமைத்த உணவைப் பசித்து வந்த சமணத் துறவிக்கு இட்டாள். அதனால் கணவனின் சினத்துக்கு ஆளாகி, இரு குழந்தைகளோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். அப்பிறவி முடிந்தபின் அவளே நேமிநாத தீர்த்தங்கரரின் காவல் தேவியாகிய இயக்கியானாள். அவளைத் துரத்திய கணவனே மறுபிறப்பில் சிங்கமாகி அவளைச் சுமந்தான். பசித்தவனுக்கு அன்னமிட்ட ஒருத்தியைத் தெய்வமாக்கிய கதை இது. அன்னதானத்தைத் தலையாய தருமமாகக் கொள்ளும் நம் மக்கள் இவ்வுருவத்தின் முன் நின்று கைகூப்பத் தயங்க வேண்டியதில்லை.

நண்பர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பாறையின் அருகே சென்றார், பின்வாங்கினார், ஒருபுறம் சாய்ந்து நின்று, மாலை வெயில் சிற்பங்களின்மீது பக்கவாட்டில் விழும்வரை காத்திருந்தார். அதன் பின்னரே பேசினார். அவர் கூறியவற்றின் சாரம் இது:

“நாங்கள் ஒரு சிலை செய்வதானால் கல்லைத் தேர்ந்தெடுத்து வெட்டிக் கொண்டுவருவோம். மூக்கில் ஒரு சில்லு தெறித்துவிட்டால் அக்கல்லை ஒதுக்கிவிட்டு வேறு கல் எடுக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. மலை கொடுத்த கல் இது ஒன்றே. உளி ஒருமுறை தவறினால் தவறியதுதான். மேலிருந்து கீழாகத்தான் வேலை செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே கொத்தும் சில்லு கீழே முடித்த முகத்தில் விழும். சாரம் கட்டி, செங்காவியால் கோடு போட்டு, தாலக் கணக்குப் பார்த்து வகுத்திருக்க வேண்டும். இந்தக் கடும்பாறையில் உளி முனை அடிக்கடி மழுங்கும். ஒவ்வொரு முறையும் உலையில் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் தோய்த்துக் கூராக்க வேண்டும். உலையும் கரியும் தண்ணீரும் இந்த உச்சிக்கு வந்திருக்கின்றன. இத்தனையும் செய்தவன் தன் பெயரை எங்கும் வெட்டவில்லையே, தம்பி!”

செய்தவன் பெயர் இல்லை. ஆயினும் செய்வித்தவர் சிலரின் பெயர்கள் அங்குண்டு. சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அச்சணந்தி என்னும் பெயர் குறிப்பிடத்தக்கது. மதுரையை அடுத்த ஆனைமலையிலும், பழனி நாட்டு ஐவர்மலையிலும் இப்பெயரைக் காண்கிறோம். பாண்டிநாட்டு மலைகள்தோறும் படிமங்கள் செய்வித்த ஒரு துறவியின் பெயர், தென்கோடியிலுள்ள இம்மலையிலும் பதிவாகியிருக்கிறது. நல்ல சாலையும் ஊர்தியும் இல்லாத காலத்தில் சமயத் தொண்டு எவ்வளவு தொலைவு நடந்தது என்பதற்கு இது சான்றன்றோ!

குரத்தியார் கொடுத்த பொன்

இம்மலையின் கல்வெட்டுகளைப் படித்து உலகறியச் செய்த பெருமை திருவிதாங்கூர் தொல்லியல் துறையைச் சாரும். அத்துறையின் முதற்காலத் தலைவராக விளங்கி, இந்து சமயத் திருவுருவக் கலை பற்றிய பெருநூல் இயற்றிய கோபிநாத ராவ் அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களும் கவிதையோடு கல்வெட்டாராய்ச்சியையும் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டு இந்நாட்டுப் பழமையைத் துலக்கியவர் என்பதை ஈண்டு நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

அக்கல்வெட்டுகளுள் ஒன்று ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனையடுத்தும் ஆண்டவன் அவன். கல்வெட்டுக் கூறும் செய்தி சுருக்கமானது. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்பார், திருச்சாரணத்து மலைப் படாரியார்க்குப் பொன்னணிகள் அளித்தார் என்பதே அது.

குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். சமண சமயத்தில் ஆசிரியைகளாக விளங்கிய துறவுப் பெண்டிரை இச்சொல் குறிக்கும். திருச்சாரணத்துக் குரத்திகள் என்னும் பெயர் கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் காணப்படுகிறது. ஆகவே இம்மலையில் கற்றுத் தேர்ந்த பெண்ணாசிரியர்கள் பிற ஊர்களுக்கும் சென்று படிமம் செய்வித்தனர் என்று அறிகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்தின் ஒரு குன்றின்மேல் பெண்கள் ஆசிரியைகளாக அமர்ந்திருந்தனர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத் தக்க செய்தியன்றோ!

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துறவிக்குப் பொன் ஏது? தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாத குரத்தியார் தாம் பெற்றதை எல்லாம் தெய்வத்துக்கே அணிவித்தார். கொடுத்த பொன் என்னவாயிற்று என்பதைச் சொல்வார் இல்லை. ஆனால் கொடுத்த செய்தி நிற்கிறது. தம் பெயருக்கு முன் தம் ஆசிரியரின் பெயரை வைத்தே அவர் எழுதச் செய்தார் என்பதும் நாம் நோக்க வேண்டிய ஒன்று. பொன்னினும் உயர்ந்த அடக்கம் அதில் ஒளிர்கிறது.

இயக்கி பகவதியானாள்

காலம் மாறிற்று. சமண சமயம் இந்நாட்டில் மெல்ல மெல்லச் சுருங்கியது. 13ஆம் நூற்றாண்டளவில் இம்மலைக்கோயில் பகவதி கோயிலாயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. கவிந்து நிற்கும் பெரும்பாறையின் அடியில் மூன்று கருவறைகளும் முன்னே கல்தூண் மண்டபமும் உள்ளன. மகாவீரரும் பார்சுவநாதரும் இரு கருவறைகளில் இருக்க, தேவியின் கருவறையில் பகவதி எழுந்தருளினாள். பலிபீடமும் மடைப்பள்ளியும் உள்ளன. பாறையின் உச்சியில் செங்கற்கட்டடத்தின் சிதைந்த பகுதி தெரிகிறது. அருகே நீர் வற்றாத சுனை.

இம்மாற்றத்தில் நாம் கண்டு மகிழத் தக்கது ஒன்றுண்டு. பகவதியை வழிபட வந்தவர்கள் பழைய படிமங்களை உடைக்கவில்லை. தீர்த்தங்கரர் தம் இடத்திலேயே அமர்ந்திருக்கின்றனர்; அம்பிகையின் புதல்வர் தாயின் அருகே அப்படியே நிற்கின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பகவதிக்குப் பூச்சூட்டிய கைகள், பக்கத்துப் பாறையில் இருந்த முனிவர்களின்மீது கல்லெறியவில்லை. உலக வரலாற்றில் சமயம் மாறியபோதெல்லாம் உருவங்கள் உடைபட்டதைப் படிக்கிறோம். இங்கே தாய் தன் பெயரை மட்டுமே மாற்றிக்கொண்டாள், வீட்டை இடிக்கவில்லை.

இயக்கி என்ற சொல்லே நாளடைவில் இசக்கி என மருவியது என்று மொழியறிஞர் கூறுவர். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி இயக்கிக்குப் பால்மடை கொடுத்த செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவ்வியக்கி இன்று ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலிலும், நாஞ்சில் நாட்டின் வயல்வரப்புகளிலும், ஊர்களின் எல்லைகளிலும் இசக்கியம்மனாக நின்று காக்கிறாள். கையில் குழந்தையோடு அவள் நிற்கும் கோலத்தைக் கண்டவர்கள் சிதறால் பாறையின் அம்பிகையைக் கண்டால், முன்பே அறிந்த ஒருத்தியைக் கண்டதுபோல் உணர்வர்.

நாகர்கோவிலும் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. நாகராஜா கோயிலின் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி ஆகியோரின் உருவங்கள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டில், பூதலவீர உதயமார்த்தாண்டன் காலத்தில், குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்னும் சமணர் இருவர் அக்கோயிலோடு தொடர்புற்றிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அங்கே கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரையே. கருவறை மண்ணே பிரசாதம். பார்சுவநாதருக்குக் குடை பிடித்த நாகமே நாகராஜராக நின்று அருள்கிறது என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

ஒரு மன்னன், நான்கு நெறிகள்

நண்பரின் கேள்விக்கு இனி விடை கூறலாம். மலைமேல் மண்டபத்தில் அமர்ந்து அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஆய் மன்னர்கள் வைணவப் பற்று மிக்கவர்கள். கருநந்தடக்கன் என்னும் ஆய்வேந்தன் 866ஆம் ஆண்டளவில், முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் கட்டினான். காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்கும் சாலை ஒன்றும் அங்கே நிறுவினான். அவன் வழிவந்தவனே விக்கிரமாதித்த வரகுணன். ஸ்ரீமூலவாசம் என்னும் புத்தப் பள்ளிக்கு நிலம் அளித்த பாலியம் செப்பேடு அவனுடையது. திருச்சாரணத்துக் குரத்தியார் பொன் அளித்த கல்வெட்டு அவனுடைய ஆட்சியாண்டைத் தாங்கியது. குலசேகரத்தை அடுத்த திருநந்திக்கரையில் குடைவரைச் சிவாலயம் உள்ளது. அவனுடைய திருமணத்தைக் குறிக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டும் அங்கேயே உள்ளது.

திருமால் கோயில் எடுத்த மரபில் பிறந்தவன். புத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்தவன். அவன் நிழலில் சமணப் பள்ளி செழித்தது. சிவாலயம் ஒன்றின் பாறையில் அவன் பெயர் நிற்கிறது. ஒரே மன்னன் காலத்தில் இத்தனை நெறிகளும் தத்தம் விளக்கை ஏற்றிக்கொண்டன. ஒரு விளக்கின் ஒளியால் மற்றொன்று மங்கவில்லை. அத்தகைய மண்ணில் நாம் கோயில் கொண்டிருக்கிறோம். நம் கோயிலின் வரலாற்றை எழுதப் புகுந்தால் இம்மண்ணின் வரலாற்றை விட்டுவிட்டு எழுத இயலுமா?

நண்பர் தலையசைத்தார். “மூர்த்தி வேறானாலும் உளி ஒன்றுதான்” என்றார். ஒரு சிற்பியின் வாயிலிருந்து வரத் தக்க விடை அது.

பழங்கல்லின் பொருட்டு

இப்போது இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நம் கோயில் திருப்பணியில் பழைய படிக்கல் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்திருந்தது. அதன் பக்கவாட்டில் தேய்ந்த எழுத்துகள் சில உண்டு. கல் கரடுமுரடாக இருக்கிறது, அதைக் கொத்திச் சமன் செய்து பளபளப்பாக்கலாம், வேண்டுமானால் அம்முகத்திலேயே உபயதாரர் பெயரைப் பொறிக்கலாம் என்று அன்பர் சிலர் கருதினர். அவர்கள் எண்ணம் தூயதே. கோயில் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையன்றி வேறில்லை. அவ்வேலை நண்பரிடமே வந்திருந்தது.

மலையிலிருந்து இறங்குமுன் அவர் மீண்டும் ஒருமுறை சிற்பங்களின் கீழுள்ள எழுத்து வரிகளருகே சென்றார். விரலால் தொடவில்லை, கையை விலக்கியே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “இந்த எழுத்தின் ஆழம் ஒரு நெல்லின் பருமன்கூட வராது. என் உளிக்கு இது அரைநாள் வேலை. ஆயிரம் வருஷம் மழையும் வெயிலும் செய்யாததை நான் அரைநாளில் செய்துவிடுவேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் படிக்கல்லை நான் தொட மாட்டேன், தம்பி. கமிட்டியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். கூலி குறைவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. குழுவினரும் பெருந்தன்மையோடு இசைந்தனர். அக்கல் எழுத்துள்ள முகம் வெளியே தெரியும்படி, கால்படாத உயரத்தில், பிரகாரச் சுவரில் பதிக்கப்பெற்றது. உபயதாரர் பெயர்களுக்குத் தனியே புதிய பலகைக்கல் வைக்கப்பெற்றது. பழையவர்களுக்கும் இடம் கிடைத்தது. புதியவர்களுக்கும் இடம் கிடைத்தது.

ஜீரணோத்தாரணம் என்னும் சொல்லின் பொருளை நாம் ஓர்ந்து நோக்க வேண்டும். சிதைந்ததை மீட்டெடுத்தல் என்பதே அதன் பொருள். இருப்பதை அழித்துப் புதிதாக்குதல் அன்று. ஆயினும் ஆர்வமிகுதியால் கேடு விளைந்த இடங்கள் தமிழகத்தில் பல. காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சிச் சுவர்களைத் துலக்கும் முறை ஒரு காலத்தில் பல கோயில்களில் கையாளப்பட்டது. பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கின. அவற்றோடு கல்லின் மேல்தோலும் நீங்கிற்று. சிற்பங்களின் நகமும் புருவமும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்தன. சுண்ணாம்பும் வண்ணமும் அடுக்கடுக்காகப் பூசப்பட்டு எழுத்துகள் மறைந்த இடங்களும் உள. மண்டபத் தரை உயர்த்தப்பட்டு, அதிட்டானத்துக் கல்வெட்டுகள் மண்ணுக்குள் புதைந்த இடங்களும் உள. இவற்றைச் செய்தவர்கள் பகைவரல்லர்; பக்தர்களே. ஆதலால்தான் இதனைப் பக்தர்களுக்கான இம்மலரில் எழுதுகிறேன்.

சிதறால் சிற்பங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆனால் நம் ஊர்ச் சிறு கோயில்களின் கற்களுக்கு நாமே காவலர்.

அன்பர்களுக்கு விண்ணப்பம்

திருப்பணிக்குக் கைகொடுக்கும் செல்வர்களுக்கும் அன்பர்களுக்கும் அடியேன் பணிந்து விண்ணப்பிப்பது இது. வேலை தொடங்குமுன் கோயிலின் ஒவ்வொரு சுவரையும் தூணையும் படியையும் படம் எடுத்து வையுங்கள். எழுத்துள்ள கல் தென்பட்டால் கல்வெட்டு அறிந்தவரை அழைத்துப் படி எடுக்கச் செய்யுங்கள். கல்லைக் கழற்றி மீண்டும் அடுக்க நேர்ந்தால் வரிசை எண் இட்டு, அதே வரிசையில் அடுக்குங்கள். ஒரு கல் இடம் மாறினால் ஒரு வரி பொருளிழந்துவிடும். அழுக்கைப் போக்க நீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் போதும். பின்னமுற்ற பழைய திருமேனிகளை மூலையில் எறியாது, தக்க இடத்தில் மரியாதையுடன் வையுங்கள். அது எந்தச் சமயத்தின் உருவமாயினும் அவ்வாறே செய்யுங்கள். நம் நிலத்தில் உழவுசாலில் வெளிப்படும் பழஞ்சிலைகளுக்கும் இது பொருந்தும்.

கும்பாபிஷேகத்தின் முன்னிரவில் சிற்பி, புதுத் திருமேனியின் கண்களைத் திறக்கிறார். நயனோன்மீலனம் என்று அதனைச் சொல்கிறோம். கல் கண் திறந்து நம்மைப் பார்க்கும் அந்நேரத்தில், நாமும் கண் திறந்து பழங்கல்லைப் பார்க்க வேண்டும். அதில் நம் முன்னோர் இருக்கின்றனர். பொன்னணி கொடுத்த குரத்தியார் இருக்கிறார். மலை மலையாகச் சென்று படிமம் செய்வித்த அச்சணந்தி இருக்கிறார். பெயர் எழுதாத கல்தச்சர் இருக்கிறார். அவர்கள் வணங்கிய பெயர் வேறாயினும், வணங்கிய உள்ளம் நம்முடையதே.

இன்று பெய்யும் கும்பநீர் கோபுரக் கலசத்திலிருந்து வழிந்து, விமானத்தின் ஒவ்வொரு கல்லையும் நனைத்துக்கொண்டு தரையைச் சேர்கிறது. புதுக்கல் என்றும் பழங்கல் என்றும் அது பேதம் பார்ப்பதில்லை. அவ்வாறே நம் தருமமும் முன்னோர் வைத்ததைக் காத்து, பின்னோர்க்குச் சேர்ப்பதாக அமையட்டும். நாடு செழிக்க, மழை பொழிய, திருக்கோயில்கள் பொலிய, தொண்டர் குலம் வாழ இறைவன் திருவருள் முன்னிற்பதாக!